ஹார்லோ என்னும் புதுநகரம்

ஊர்கள் பெரும்பாலும் தாமே வளர்கின்றன. ஆற்றுத் துறையிலோ, இரண்டு சாலைகள் கூடும் இடத்திலோ, கோயில் வாயிலிலோ நாலு வீடுகள் தோன்றும், அவை நாற்பதாகும், பிறகு நானூறாகும். யார் தொடங்கினார்கள், எப்போது தொடங்கினார்கள் என்று கேட்டால் விடை சொல்ல ஆளிருக்காது. அப்படியல்லாமல், சட்டம் இயற்றி, நாள் குறித்து, வரைபடம் தீட்டி உண்டாக்கப்பட்ட ஊர் ஒன்றைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். அதன் பெயர் ஹார்லோ. இங்கிலாந்தில், எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், லண்டன் மாநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ஸ்டோர்ட் என்னும் சிற்றாற்றின் தென்கரையில் அது அமைந்திருக்கிறது. 1947ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் பிறந்த அரசாங்க ஆணையே அந்நகரின் பிறப்புச் சீட்டு. அன்று அந்த எல்லைக்குள் பழைய ஹார்லோ என்ற சிறு கடைவீதியும், சில கிராமங்களும், வயல்களும், தோப்புகளுமே இருந்தன. குடிமக்கள் 4,500 பேர் அளவில் இருந்தனர். அங்கே 60,000 பேரைக் குடியேற்றுவதென்று அரசாங்கம் தீர்மானித்தது.

இந்த எண்ணத்தின் வேரைத் தேடிப் போனால் எபனேசர் ஹோவர்டு என்பவரிடம் வந்து நிற்போம். அவர் கட்டிடக் கலைஞர் அல்லர், பொறியாளரும் அல்லர். இளமையில் அமெரிக்காவுக்குப் போய் நெப்ராஸ்கா நாட்டில் உழவு செய்து பார்த்தார், அது பலிக்கவில்லை. லண்டனுக்குத் திரும்பி, பார்லிமெண்டு விவாதங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்துக் கொடுத்துக் காலம் தள்ளினார். பிறர் பேச்சை எழுதிக் கொடுப்பவனுக்குச் சொந்தமாக ஒரு எண்ணம் தோன்றாது என்று உலகம் நினைப்பதுண்டு. பிறர் எழுத்தை மொழிபெயர்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு ஹோவர்டின் வரலாறு சற்று ஆறுதலாகவே இருக்கிறது.

1898இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். 1902இல் அதுவே தோட்ட நகரங்கள் என்ற தலைப்புடன் மறுபதிப்பாயிற்று. தோட்டம் என்பது இனிமையான சொல். ஆயினும் அந்நூலின் உயிர் அதிலுள்ள கணக்கில் இருக்கிறது. உழவு நிலம் மலிவானது. அதன்மேல் ஓர் ஊர் எழுந்துவிட்டால் அதே நிலத்தின் விலை பல மடங்கு ஏறிவிடுகிறது. அந்த ஏற்றத்தை உண்டாக்கியவர் யார்? நிலத்தை வைத்திருந்தவர் ஒன்றும் செய்யவில்லை; அங்கே வந்து குடியேறி, கடை வைத்து, தொழில் நடத்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள்தாம் அதனை உண்டாக்கினார்கள். ஆகவே நிலம் முழுவதையும் ஊரின் பொருட்டு ஓர் அறக்காப்பாளர் குழு வைத்துக்கொள்ள வேண்டும். குடிகள் தரும் வாடகையிலிருந்து முதலில் கடன் அடைய வேண்டும், பிறகு மிஞ்சுவது பள்ளிக்கும் பூங்காவுக்கும் முதியோரின் ஆதரவுக்கும் செலவாக வேண்டும் என்றார் ஹோவர்டு. லெட்ச்வொர்த் 1903இலும் வெல்வின் 1920இலும் இந்த முறையில் தொடங்கப்பட்டன. இரண்டும் தனியார் முயற்சிகள். முதலுக்குத் தட்டுப்பாடு இருந்துகொண்டே இருந்தது.

அரசாங்கம் இதில் கைவைக்க ஓர் உலகப் போர் வேண்டியிருந்தது. குண்டுவீச்சில் கிழக்கு லண்டன் இடிந்து கிடந்தது. இடியாத வீடுகளிலும் ஒரே அறையில் ஒரு குடும்பம், முற்றத்தில் பலருக்குப் பொதுவாக ஒரு குழாய் என்ற நிலை பல தெருக்களில் இருந்தது. 1944இல் பேட்ரிக் அபெர்குரோம்பி வகுத்த லண்டன் பெருந்திட்டம், மாநகரைச் சுற்றிப் பசுமை வளையம் ஒன்றை நிறுத்தி, அதற்கு அப்பால் பத்துப் புதிய ஊர்களை உண்டாக்கலாம் என்றது. அடுத்த ஆண்டில் ரீத் பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமர்த்தப்பட்டது. ரீத் என்ற பெயர் வானொலி நேயர்களுக்குப் புதிதன்று. அவர் பி.பி.சி.யின் முதல் டைரக்டர் ஜெனரல். அவர் காலத்தில் பி.பி.சி.யிலிருந்து இங்கு வந்து, 1935இல் இந்திய ஒலிபரப்பின் பொறுப்பை ஏற்றவரே லயனல் ஃபீல்டன். ரீத் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி 1946இல் புதுநகரச் சட்டம் நிறைவேறிற்று.

சட்டம் நிறைவேறியதும் எல்லோரும் மாலையோடு வந்து வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். முதல் புதுநகரமாகக் குறிக்கப்பட்டது ஸ்டீவனேஜ். அவ்வூரார் வெகுண்டெழுந்தார்கள். அமைச்சர் லூயிஸ் சில்கினின் பெயரையும் ருஷ்ய நகரங்களின் பெயரையும் சேர்த்து, ரயில் நிலையப் பலகையில் 'சில்கின்கிராடு' என்று எழுதி மாட்டினார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரையில் சென்றது, ஊரார் தோற்றார்கள். தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை அரசாங்கம் அதன் உழவு விலைக்கு எடுத்துக்கொண்டபோது உழவர்களுக்குத் தோன்றிய மனக்கசப்பு நியாயமற்றது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் திட்டம் முழுவதும் அந்த விலையின்மேல் நின்றது. ஒவ்வொரு நகருக்கும் ஓர் அபிவிருத்திக் கழகம். அது நிலத்தை வாங்கும். அரசாங்கக் கருவூலம் 60 ஆண்டுத் தவணையில் கடன் கொடுக்கும். வாடகையிலிருந்து கடன் அடையும். ஹோவர்டின் கணக்கை அரசாங்கம் தன் பேரேட்டில் ஏற்றிக்கொண்டது.

ஹார்லோவை வரையும் பணி பிரெடெரிக் கிப்பெர்டு என்னும் கட்டிடக் கலைஞரிடம் வந்தது. அவர் வெள்ளைத் தாளில் கோடு போடத் தொடங்கவில்லை. முதலில் அந்த நிலத்தை நடந்து பார்த்தார். மேடும் பள்ளமும், ஓடைகளும், பழைய மரங்களும் எங்கெங்கே உள்ளன என்று குறித்துக்கொண்டார். மேட்டு நிலங்களில் வீடுகள். பள்ளத்தாக்குகளில் வயலும் புல்வெளியும் அப்படியே நகரின் நடுவரையில் புகுந்து வரும். பெருஞ்சாலைகளும் வீடுகளின் இடையே போகாமல் அந்தப் பசுமையின் வழியே போகும். இவ்வாறு நகருக்குள் புகும் பசுமையை ஆங்கிலத்தில், மரத்தைப் பிளக்கச் செருகும் ஆப்பின் பெயரால் அழைக்கிறார்கள். இதனைத் தமிழில் 'பசும் ஆப்பு' என்று பெயர்த்தால் நம்மவர்களுக்கு ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதைதான் நினைவுக்கு வரும். ஆகவே பசும்பட்டை என்றே சொல்லிவைப்போம். நிலத்தோற்றத்துக்கு ஆலோசகராக இருந்தவர் சில்வியா குரோ அம்மையார்.

பசும்பட்டைகளுக்கு இடையே நான்கு பெரிய குடியிருப்புத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் சில பேட்டைகளாகப் பிரிந்தது. பேட்டைக்கு ஒரு தொடக்கப்பள்ளி. தொகுதிக்கு ஒரு கடைவீதி. அன்றாடத் தேவைக்கு இன்னும் சிறியதாய், நாலைந்து கடைகளும் ஒரு மண்டபமும் கொண்ட இடங்கள் வீட்டருகிலேயே அமைந்தன. அவற்றுக்கு 'ஹாட்ச்' என்று பெயர். சிறு கதவு அல்லது வாயில் என்பது அதன் பழைய பொருள். தெருக்கள் பலவற்றுக்கு அந்த இடத்திலிருந்த வயல்களின் பழைய பெயர்களையே சூட்டினார்கள். உழவு போனாலும் உழவனின் சொல் போகவில்லை. ஊரிலுள்ள மதுச்சாலைகளுக்கோ வண்ணத்துப்பூச்சிகளின் பெயர்கள்! பர்ப்பிள் எம்பரர், பெயிண்டெட் லேடி, ஸ்மால் காப்பர், எஸ்ஸெக்ஸ் ஸ்கிப்பர் என்று விட்டில்களும் பட்டாம்பூச்சிகளும் வாயிற்பலகைகளில் வந்து அமர்ந்தன. திட்டம் தீட்டுவோருக்கு நகைச்சுவை இல்லை என்பவர்கள் இதனைக் கவனிக்கவேண்டும்.

எல்லா வீடுகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல் ஆகிவிடக் கூடாது என்று கிப்பெர்டு பல கட்டிடக் கலைஞர்களை அழைத்து ஆளுக்கொரு பகுதியைக் கொடுத்தார். அவர்களில் மாக்ஸ்வெல் பிரை, ஜேன் டிரூ என்ற தம்பதியர் இருவர். ஹார்லோவின் மார்க் ஹால் பகுதியில் டானிஸ் டெல், சாண்ட்ரி ஆகிய குடியிருப்புகள் அவர்களுடைய நிறுவனம் வரைந்தவை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், 1951இல், இருவரும் இந்தியாவுக்கு வந்து சண்டிகார் நகரில் லெ கொர்புசியேயுடன் பணியாற்றினார்கள். சண்டிகாரின் செக்டர்களில், குழந்தை பெருஞ்சாலையைக் கடக்காமலே பள்ளிக்குப் போகலாம் என்ற ஏற்பாட்டைக் கண்டவர்கள் ஹார்லோவின் வரைபடத்தைப் பார்த்தால் உறவு முகத்தைக் கண்டுகொள்வார்கள்.

1951இல் கிப்பெர்டு 'லான்' என்ற பத்து மாடிக் கட்டிடத்தை எழுப்பினார். பிரிட்டனின் முதல் அடுக்குமாடிக் குடியிருப்புக் கோபுரம் என்று அதனைச் சொல்கிறார்கள். அங்கிருந்த கருவாலி மரங்களை வெட்டாமல் வீடுகளை மேல்நோக்கி அடுக்கினார் என்பது நமக்குப் பிடித்த செய்தி. பின்னாளில் வேறு ஊர்களில் எழுந்த கோபுரங்களுக்கு எல்லாம் இத்தகைய காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி, அங்கே வாழ்ந்தவர்கள். குடியேறியவர்களில் பெரும்பாலோர் லண்டனின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலிருந்து வந்த இளம் தம்பதியர். வீடு பெறுவதற்கு ஒரு விதி இருந்தது: ஹார்லோவிலுள்ள ஒரு தொழிலில் வேலை கிடைத்திருக்க வேண்டும். வேலையும் வீடும் ஒன்றாகக் கையில் வரும். ஆகவே, நகரைக் கட்டிய தச்சரும் கொத்தருமே முதலில் குடியேறினார்கள். கடைகள் வருவதற்கு முன்பே மனிதர்கள் வந்துவிட்டார்கள். தெருவில் சேறு, ரப்பர் பூட்சு இல்லாமல் வெளியே இறங்க முடியாது. வண்டிக்காரன் வீட்டு வாசலில் கொண்டுவந்து விற்கும் காய்கறிதான் சந்தை. ஆனால் உள்ளே நுழைந்தால் தனிக் குளியலறை, வெந்நீர்க் குழாய், பின்னால் ஒரு தோட்டம். முற்றத்துக் குழாயில் வரிசை நின்று பழகிய பெண் ஒருத்திக்கு அந்தக் குழாயைத் திருகிய முதல் நாள் எப்படி இருந்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

காலையில் ஆடவர் சைக்கிளேறி டெம்பிள் ஃபீல்ட்ஸ் தொழிற்பேட்டைக்குப் போவார்கள். பழைய நாட்டுப்புற ஒற்றைப் பாதைகளைக் கிப்பெர்டு அழிக்காமல் சைக்கிள் பாதைகளாகவும் நடைபாதைகளாகவும் விட்டிருந்தார். மோட்டார்கள் வேறு வழியில் போயின. பெண்கள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு 'ஸ்டோ' கடைவீதிக்குப் போவார்கள். வண்டிகள் அத்தனை! பத்திரிகைகள் ஹார்லோவுக்குக் 'குழந்தை வண்டி நகரம்' என்றே பெயர் வைத்துவிட்டன. பிறப்பு மிகுதி, இறப்பு அருமை. ஊரில் பாட்டிமார் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கைவைத்துப் பார்க்க மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாத குறை, வெந்நீர்க் குழாயால் தீரக்கூடியதன்று.

இந்தத் தனிமையைப் பற்றி அக்காலத்தில் நிறையப் பேசினார்கள். புதுநகரத்துப் பெண்கள் ஏங்கிக் கிடக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. 1953இல் ஒரு கட்டிடக் கலை இதழ், வீடுகளுக்கு இடையே இவ்வளவு வெளி விட்டால் நகரம் நகரமாகவே இராது, புல்வெளியாகிவிடும் என்று சாடியது. ஸ்டீபன் டெய்லர் என்ற மருத்துவர் 1938இலேயே புறநகர்ப் பெண்களின் மனச் சோர்வுக்கு ஒரு நோய்ப் பெயர் சூட்டியவர். அதே டெய்லர் பின்னர் ஹார்லோ அபிவிருத்திக் கழகத்தில் பணியாற்றி, அங்கே மருத்துவர்கள் கூடி வேலை செய்யும் சுகாதார நிலையங்கள் அமையக் காரணமானார். சிட்னி சேவ் என்பவருடன் சேர்ந்து அவர் 1964இல் வெளியிட்ட ஆராய்ச்சி, புதுநகர், பழைய லண்டன் பகுதி, லண்டனுக்கு வெளியே எழுந்த குடியிருப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. இலேசான மனக்கலக்கத்தின் அறிகுறிகள் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. ஊரை மாற்றினால் மனிதனின் எல்லாக் கவலைகளும் போய்விடும் என்பதும் பொய். புதிய ஊர்தான் கவலையைத் தந்தது என்பதும் பொய்.

கலைக்கும் இடம் இருந்தது. 1953இல் நிறுவப்பட்ட கலை அறக்கட்டளை, சிற்பங்களை வாங்கித் தெருவிலும் சந்தையிலும் வைத்தது. பக்கத்துச் சிற்றூரில் வாழ்ந்த ஹென்றி மூர், தாய் தந்தை குழந்தை மூவரும் அமர்ந்த கற்சிற்பம் ஒன்றை இந்நகருக்காகச் செதுக்கினார். 1956இல் அது திறந்துவைக்கப்பட்டது. வெளியில் இருந்த காலத்தில் அதனைச் சேதப்படுத்தினார்கள். இப்போது நகர மன்றக் கட்டிடத்தின் உள்ளே வைத்துக் காக்கிறார்கள். தொழிலுக்கும் ஒரு சான்று சொல்லலாம். ஹார்லோவிலிருந்த ஸ்டாண்டர்டு டெலிகம்யூனிகேஷன் ஆராய்ச்சிக்கூடத்தில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் 1966இல், தூய கண்ணாடி இழையின் வழியே ஒளியைக் கொண்டு செய்தியை நெடுந்தொலைவு அனுப்ப முடியும் என்று காட்டினார்கள். இன்று கடலடியில் ஓடும் கம்பித்தடங்களெல்லாம் அதன் வழி வந்தவை. காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. வீட்டுக்கும் வேலைக்கும் சைக்கிள் தூரம் இருக்க வேண்டும் என்று வகுத்த ஊரில் இது நிகழ்ந்தது.

ஆனால் ஒரே காலத்தில் பிறந்த ஊருக்கு ஒரு விசித்திரமான தொல்லை உண்டு. நம் ஊர்களில் ஒரு தெருவில் தொட்டிலும் இருக்கும், கைத்தடியும் இருக்கும். ஹார்லோவில் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வயதினர். முதலில் தொடக்கப்பள்ளிகள் போதவில்லை; பிறகு உயர்நிலைப் பள்ளிகள் போதவில்லை; அப்பிள்ளைகள் வளர்ந்து மணம் புரிந்ததும், அனைவரும் ஒன்றாக வீடு கேட்டார்கள். அவர்கள் கேட்ட காலத்தில் தொடக்கப்பள்ளிகளில் இடம் காலியாகத் தொடங்கியிருந்தது. 1980களில் நகரின் மக்கள் தொகையே குறைந்தது. கட்டிடங்களும் அப்படியே. ஒரே காலத்தில் போட்ட கூரைகள் ஒரே காலத்தில் ஒழுகும். ஒரே காலத்தில் புதைத்த குழாய்கள் ஒரே காலத்தில் துருப்பிடிக்கும். மோட்டார் வண்டி இத்தனை பேர் வாங்குவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தெருவோரப் புல் வண்டி நிறுத்துமிடமாயிற்று.

பழுது பார்ப்பதற்குப் பணம் வேண்டும். ஹோவர்டின் கணக்கு பயன்பட வேண்டிய வேளை அதுவே. கடன் அடைந்துகொண்டு வந்தது. நிலத்தின் விலை ஏறியிருந்தது. வாடகை வருவாய் ஊரின் மூப்புக் காலத்துக்கு உதவியிருக்கலாம். ஆனால் 1980இல் அபிவிருத்திக் கழகம் கலைக்கப்பட்டது. வாடகை வீடுகளும், அவற்றோடு பழுதும், உள்ளூர் நகர மன்றத்திடம் வந்தன. வருவாய் மிகுந்த கடைகளும் தொழிற்பேட்டை நிலங்களும் புதுநகரங்களுக்கென இருந்த தேசிய ஆணையத்திடம் போய், அங்கிருந்து காலப்போக்கில் விற்பனைக்குப் போயின. செலவு ஒரு பக்கமும் வரவு ஒரு பக்கமுமாகப் பாகம் பிரிந்தது. அதே ஆண்டில் வந்த வீட்டுவசதிச் சட்டம், நகர மன்ற வீட்டில் குடியிருப்பவர் அதனை விலையில் 33 முதல் 50 விழுக்காடு வரை தள்ளுபடி பெற்று வாங்கிக்கொள்ளலாம் என்றது. வாங்கியவர்களை நாம் குறை கூறவில்லை. முப்பது ஆண்டு வாடகை கொடுத்த வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இராது? எனினும் ஒரு தலைமுறை வாங்கிய வீடு அடுத்த தலைமுறையின் வாடகைக்கு இல்லாமற் போயிற்று. வாங்கிய வீடுகள் பலவும் பின்னர் கைமாறி, அதிக வாடகைக்குத் தனியார் கையில் சென்றன.

இதன் விளைவு 2010களில் கண்ணுக்குத் தெரிந்தது. 2013இல் இங்கிலாந்தில் அலுவலகக் கட்டிடங்களை, வழக்கமான திட்ட அனுமதி இல்லாமலே வீடுகளாக மாற்றலாம் என்று விதி தளர்ந்தது. ஹார்லோவில் காலியாகக் கிடந்த அலுவலகங்கள் பல இவ்வாறு மாறின. அவற்றில் பெயர் பெற்றது டெர்மினஸ் ஹவுஸ் என்னும் உயர்ந்த கட்டிடம். 2018இல் அதில் குடிபுகுந்தார்கள். வீடுகள் பல, பெட்டி போன்ற சிற்றறைகள். கிப்பெர்டின் காலத்தில் ஹாட்ச், பள்ளி, புல்வெளி என்று அளந்து வைத்த ஊரிலே, குழந்தை விளையாட வண்டி நிறுத்துமிடமே மிஞ்சிற்று. லண்டனின் மன்றங்கள் சில தங்கள் பொறுப்பிலிருந்த வீடற்ற குடும்பங்களை அங்கே அனுப்பிவைத்தன. 1950களிலும் லண்டன்தான் ஹார்லோவுக்குக் குடும்பங்களை அனுப்பியது. அவர்கள் கையில் வேலையும் இருந்தது, தோட்டத்தோடு கூடிய வீட்டின் சாவியும் இருந்தது. இவர்களுக்கு உறவும் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் லண்டனிலேயே நின்றுவிட்டன. இத்தகைய மாற்றங்களிலும் ஒவ்வொரு வீடும் குறைந்தபட்சப் பரப்பு உடையதாக இருக்க வேண்டும் என்ற விதி 2021இல்தான் வந்தது.

இவ்வளவும் சொன்னதனால் ஹார்லோ பாழடைந்துவிட்டது என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 93,300 பேர் வாழ்ந்தார்கள். பத்தாண்டுகளில் தொகை ஏறக்குறைய 14 விழுக்காடு கூடியிருந்தது. பசும்பட்டைகள் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. கருவாலி மரங்களைச் சுற்றி நிற்கும் லான் கட்டிடம் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கிப்பெர்டு தாம் வரைந்த நகரின் ஓரத்திலேயே வீடும் தோட்டமும் வைத்துக்கொண்டு, 1984இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். தாம் வரைந்த ஊரில் குடியிருக்கும் துணிவு எல்லா நகரமைப்பாளர்களுக்கும் உண்டா என்பது வேறு கேள்வி.

2017இல் ஹார்லோ மீண்டும் ஒரு திட்டத்துக்குள் வந்தது. ஸ்டோர்ட் ஆற்றின் வடகரையில், கில்ஸ்டன் பக்கத்து வயல்களில், ஏழு சிற்றூர்களாக 10,000 வீடுகள் கட்டுவதென்று வகுத்திருக்கிறார்கள். ஹார்லோ-கில்ஸ்டன் தோட்ட நகரம் என்று அதற்குப் பெயர். ஹோவர்டின் சொல் திரும்பி வந்திருக்கிறது. இம்முறை நிலத்தை வாங்கி வைத்துக்கொள்ள அபிவிருத்திக் கழகம் எதுவும் இல்லை. தென்கரையிலோ, மன்ற வீட்டுக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் பல. அவர்களுள் முதற்குடிகளின் பேரப் பிள்ளைகளும் உண்டு. வடகரையில் எழப்போகும் வீடுகளில் எத்தனை, அவர்கள் கொடுக்கக்கூடிய வாடகைக்குக் கிடைக்கும் என்பதையே அவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள்.